வெட்பாலை எண்ணெயின் ஊதா

பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. வேதியியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி ஒரு மூலிகையைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எந்த மூலிகை என்று நான் யோசிக்கவே இல்லை. சிறு வயதிலிருந்து என் மனத்தில் கிடப்பது ஒன்றுதான். வெட்பாலை.

என் அப்பாவுக்கு 35 வயதில் முழங்கையில் காசு அகலத்துக்கு ஒரு படை வந்தது. இரண்டே ஆண்டுகளில் முழங்கால், முதுகு, தலை என்று பரவிவிட்டது. சிவந்து தடித்த தோலின்மேல் வெள்ளி நிறச் செதில். சொறிந்தால் மாவாக உதிரும். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள், தோல் மருத்துவர்கள் சொரியாசிஸ் என்பார்கள். யாரையும் தொற்றாத நோய். ஊர் அப்படி நினைக்கவில்லை. சித்திரை வெயிலிலும் அப்பாவுக்கு முழுக்கைச் சட்டைதான். முடிவெட்டும் கடையில் ஒருமுறை அவரை உட்காரவிடவில்லை. அன்றிலிருந்து அம்மாதான் பின்கட்டில் உட்காரவைத்து வெட்டிவிடுவாள். தாமிரபரணியில் எல்லாரும் குளித்துக் கரையேறிய பிறகுதான் அப்பா இறங்குவார். 2014இல் உலக சுகாதார சபை இந்த நோய்க்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நோயாளிகள் சமூகத்தில் படும் புறக்கணிப்பையும் அதில் எடுத்துச் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் படித்துறை நினைவுக்கு வந்தது.

அப்பாவின் படைக்கு வெட்பாலை எண்ணெய் காய்ச்சுவது ஆச்சியின் வேலை. காய்ச்சுவது என்று சொல்கிறேனே தவிர அடுப்புக்கு அங்கே வேலையில்லை. வெட்பாலை இலையைக் கையாலேயே கிள்ளிப் போடுவாள்; அரிவாள்மனை படக் கூடாது. கண்ணாடிப் பாத்திரத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, முற்றத்து வெயிலில் வைப்பாள். முதல் நாள் பச்சையாக இருக்கும். நாள் போகப் போக இருண்டு, வார முடிவில் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். வடிகட்டி அப்பாவின் முதுகில் தடவுவாள். செதில் குறையும், அரிப்பு அடங்கும். சில மாதம் நன்றாக இருப்பார், பிறகு திரும்ப வரும். அவருடைய தலையணை உறைகளும் பனியன்களும் எத்தனை முறை துவைத்தாலும் போகாத ஊதாக் கறையோடு தனிக் கொடியில் காயும். நான் வேதியியல் படிக்கக் கிளம்பிய அன்று அப்பா கேட்டார்: “ஏம்மா, இந்தக் கறை மட்டும் இல்லேன்னா நல்லாருக்கும்லா? நீ படிக்கப் போற படிப்புல அதுக்கு வழி உண்டா?”

அந்தக் கேள்விக்கு என்னால் பல ஆண்டுகள் பதில் சொல்ல முடியவில்லை. இன்று இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தோலைப் பார்ப்போம். நம் மேல்தோலில் பெரும்பகுதி கெரட்டினோசைட் எனப்படும் செல்கள். அடியடுக்கில் பிறந்து, மெல்ல மேலேறி, தட்டையாகி, இறந்து, செதிலாக உதிர்கின்றன. நல்ல தோலில் இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் தோலில் நான்கைந்து நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் மேலே குவிந்து நிற்பதைத்தான் நாம் வெள்ளிச் செதிலாகப் பார்க்கிறோம். அவற்றை இப்படி விரட்டுபவை நோய் எதிர்ப்புச் செல்கள் அனுப்பும் புரதச் சேதிகள். சைட்டோகைன்கள் என்று பெயர். சேதி கேட்ட தோல் செல் சும்மா இருப்பதில்லை. தானும் சேதி அனுப்பி மேலும் எதிர்ப்புச் செல்களை வரவழைக்கிறது. அடுப்பு எரிய எரிய விறகும் தானே வந்து சேர்வதைப் போல. செல்லுக்குள் இந்தச் சேதியைக் கருவுக்குக் கொண்டுபோகும் புரதங்களில் முக்கியமானது என்எஃப்-கப்பா பி. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்தது. “அழற்சியைக் குறைக்கும் மூலிகை” என்று பத்திரிகைகளில் நீங்கள் படிக்கும் செய்திகளில் பல இந்த ஒரு புரதத்தைச் சுற்றியே இருக்கும்.

அந்தச் செய்திகள் எங்கே பிறக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் ஹாகாட் என்ற செல் வகை. 1988இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பெட்ரா பூகாம்ப் குழுவினர், 62 வயது ஆண் ஒருவரின் தோலிலிருந்து எடுத்து வளர்த்தவை. சாகாமல் பெருகிக்கொண்டே இருப்பவை. உலகம் முழுவதும் தோல் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பிளந்துகொண்டிருப்பவை. அவற்றின்மேல் ஓர் அழற்சிச் சேதியை ஊற்றி, கூடவே செடிச் சாற்றையும் ஊற்றி, மறுநாள் சைட்டோகைன் எவ்வளவு குறைந்தது என்று அளப்போம். குறைந்திருந்தால் கட்டுரை எழுதுவோம்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது எனக்கு ஒரு சாறு கிடைத்தது. அளவீட்டில் சைட்டோகைன் ஏறக்குறைய பூஜ்யம். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் வழிகாட்டியின் முன் வரைபடத்தை விரித்தேன். அவர் அதைப் பார்க்காமல், “செல் உயிரோட இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை. சாறு எல்லாவற்றையும் கொன்றிருந்தது. இறந்த செல் எந்தச் சேதியும் அனுப்பாது. அன்று முதல் எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். பலவற்றில் அது இருப்பதில்லை. இருக்கும் இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க 1983இல் டிம் மோஸ்மன் வகுத்த முறையைத்தான் பெரும்பாலோர் கையாள்கிறோம்: மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும், எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். ஆனால் செடிச் சாறுகளில் சில, செல்லே இல்லாத தட்டிலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடிருப்பதாகக் கணக்கில் ஏறும்.

நிறம் ஏமாற்றும் கதைகளில் பெரியது மஞ்சளின் கதை. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் மஞ்சளை எனக்குப் பிடிக்கும். அதன் நிறப்பொருளான குர்குமினை 1815இல் வோகல், பெல்தியே இருவரும் பிரித்தெடுத்தார்கள். 1910இல் அதன் அமைப்பு தெரிந்தது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஆய்வுகள். தட்டில் ஊற்றினால் குர்குமின் எந்த அழற்சிச் சேதியையும் அடக்குவதுபோல் தெரியும். காரணங்களில் ஒன்று, அது கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, தானே நிறமும் ஒளிர்வும் உடையதாக இருப்பதால் நிறத்தை அளக்கும் கருவிகளையே குழப்பும். உடல் சூட்டில், நடுநிலைக் கரைசலில் அது நிமிடக்கணக்கில் சிதைந்தும் போகும். 2017இல் அமெரிக்க வேதியியலாளர்கள் இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டபோது எங்கள் துறையில் பலருக்குக் கசந்தது. கசந்தாலும் அதில் சொன்னது சரி.

குர்குமினின் இந்தச் சிதையும் குணம் நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அது காரத்தில் குர்குமின் உருமாறுவது. அந்தச் சிவப்பு நெடுநேரம் நிலைக்காது, மூலக்கூறே உடைந்துகொண்டிருக்கிறது. முகத்தில் பூசிய மஞ்சள் சிவக்காததற்குக் காரணம், நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. ஆகவே தோலின்மேல் குர்குமினுக்குக் குடலைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் எண்ணம் வேறு, மருந்து வேறு. 1995இல் மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். மாஷேல்கர் தலைமையில் நம் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுமம் எதிர்த்து வாதாடி 1997இல் வென்றது. நாம் பெருமைப்பட வேண்டிய வெற்றி. அந்த வழக்கில் நிறுவப்பட்டது, இந்த அறிவு நமக்குப் பழையது என்பது. மஞ்சள் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைக் காப்புரிமை அலுவலகம் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் நாம் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகிறோம்.

வெட்பாலைக்கு வருகிறேன். சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். தந்தம் போல் வெளுத்த அந்த மரம் வெட்பாலைதான். பாலைத் திணைக்குப் பெயர் தந்ததும் இந்த மரமே என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. தாவரவியலில் இதற்கு ரைட்டியா டிங்டோரியா என்று பெயர். டிங்டோரியா என்றால் சாயத்துக்கு உரியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடசர்க்காரில் சாமல்கோட்டையில் இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ, இந்த மரத்தின் இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்கலாம் என்று எழுதினார். அதாவது அவுரியில் கிடைக்கும் அதே நீலம். பெயரிலேயே இருந்த இந்தக் குறிப்பை நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

நீலம் தரும் செடிகளின் பச்சை இலையில் நீலம் இருப்பதில்லை. நிறமற்ற ஒரு பொருள் சர்க்கரையோடு பிணைந்து இருக்கும். இலை கிழிந்தால் அந்தப் பிணைப்பு அறும். விடுபட்ட பொருள் காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து இண்டிகோ என்னும் நீலமாகும். அதில் ஒரு பங்கு சற்று மாறிச் சேர்ந்தால் இண்டிரூபின் என்னும் சிவப்பு பிறக்கும். நீலமும் சிவப்பும் சேர்ந்தால் என்ன நிறம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்பாலை இலையில் இண்டிகோவும் இண்டிரூபினும் இருப்பதை நம் நாட்டு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இனி தைவான். சீன மருத்துவத்தில் நீலச்செடி இலைகளை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் கடைந்து எடுக்கும் நீலப்பொடிக்குச் சிங் டாய் என்று பெயர். நம் தென்னார்க்காட்டு அவுரித் தொட்டிகளில் நடந்ததும் இதே வேலைதான். நாம் துணிக்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் மருந்துக்கும் எடுத்தார்கள். சாங் குங் நினைவு மருத்துவமனையில் யின்-கு லின் என்ற மருத்துவர் இந்தப் பொடியைக் களிம்பாக்கி, வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத சொரியாசிஸ் நோயாளிகள் 42 பேரிடம் சோதித்தார். ஒரே ஆளின் ஒரு பக்கப் படைக்கு நீலக் களிம்பு, மறுபக்கத்துக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. 12 வாரம். 31 பேருக்கு மருந்து தடவிய பக்கம் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ தெளிந்தது. 2008இல் முடிவு வெளியானது. ஒரே உடம்பில் இரண்டு பக்கம் என்பதால் உணவு, மனநிலை, பருவம் எல்லாம் சமமாகிவிடுகின்றன. இந்த எளிய நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் வகுப்புதோறும் நடத்துகிறேன்.

அங்கேயும் நோயாளிகள் சொன்ன குறை என்ன தெரியுமா? கறை. தோலெல்லாம் நீலம், துணியெல்லாம் நீலம். அப்பாவின் கேள்வியே கடல் தாண்டிப் போய்க் கேட்டது போல இருந்தது. அந்தக் குழு விடவில்லை. வேலை செய்வது பெரும்பாலும் சிவப்பான இண்டிரூபின்தான், நீலம் கூட வருவது என்று கண்டார்கள். இண்டிகோ எண்ணெயில் கரைவது மிக அரிது, இண்டிரூபின் அதைவிடக் கரையும். ஆகவே பொடியை எண்ணெயில் இறக்கி வடித்து, நீலத்தை விட்டுவிட்டு, சிவப்பை மட்டும் கொண்ட மருந்தாக்கினார்கள். 2012இல் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, சுத்திகரித்ததும் சளைத்ததில்லை என்று காட்டினார்கள்.

இலையை எண்ணெயில் இறக்கி வடிப்பது. ஆச்சி முற்றத்தில் செய்தது வேறென்ன? அவள் எண்ணெய் அவுரி நீலமாக இல்லாமல் கத்தரிப்பூ நிறமாக இருந்ததற்குக் காரணம் அதில் சிவப்பு கூடுதலாக இறங்கியதுதான் என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன்.

இண்டிரூபின் செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது? செல் பிளவை முடுக்கும் நொதிகளை அது தடுக்கும் என்று 1999இல் தெரிந்தது. 2001இல் ஜப்பானியர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: அது அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற புரதத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த ஏற்பிக்கு முன்பு கெட்ட பெயர்தான். 1976இல் ஆலன் போலண்ட் குழுவினர் இதைக் கண்டறிந்தபோது, டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உட்காரும் இடம் என்றுதான் அறிமுகமானது. புகையிலையும் கரியும் எரியும்போது வரும் பொருள்களும் அங்கே வந்து உட்காரும். ஆனால் தோலில் அதற்கு வேறு வேலையும் இருக்கிறது. மேல்தோலின் மதிலைக் கட்டும் புரதங்களைக் கூட்டுவதும், அழற்சியைத் தணிப்பதும் அதன் பொறுப்பு. 2014இல் லண்டனில், இந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குச் சொரியாசிஸ் போன்ற அழற்சி கடுமையாவதைக் காட்டினார்கள். நூறாண்டுக்கு மேலாகத் தோல் மருத்துவர்கள் காரணம் தெரியாமலே தடவிவந்த நிலக்கரித் தாரும் இதே கதவைத்தான் தட்டுகிறது என்று அதற்கு முந்தைய ஆண்டு தெரிந்திருந்தது. தார் ஒரு கறை, நீலம் ஒரு கறை.

இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்த தட்டையான மூலக்கூறுகள் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும், அதனால்தான் நிறம். தட்டையாக இருப்பதால்தான் இந்த ஏற்பியின் குறுகிய பள்ளத்திலும் நுழையும். நிறமும் மருந்தும் ஒரே உருவத்தின் இரண்டு விளைவுகள். அப்படியானால் கறையில்லாத மருந்து கிடைக்கவே கிடைக்காதா? கிடைத்தது, செடியிலிருந்து இல்லாமல் ஒரு நுண்புழுவுக்குள் வாழும் பாக்டீரியாவிலிருந்து. டாபினரோஃப் என்று பெயர். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே ஏற்பியில்தான் உட்காரும். 1,025 பேரிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் 12 வாரத்தில் மருந்து தடவியவர்களில் 35.4 சதவீதமும் 40.2 சதவீதமும் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ தெளிந்தார்கள். வெறும் களிம்பு தடவியவர்களில் 6 சதவீதத்தை ஒட்டித்தான். 2022 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. துணியில் கறை படியாது. அப்பா அதைப் பார்க்கவில்லை.

கறைக் கதையில் இன்னொன்றையும் விட மனமில்லை. பிரேசிலின் பாஹியா காட்டில் அரரோபா என்று ஒரு மரம். அதன் உள்மரப் பொடியைப் போர்த்துக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் அது கோவாப் பொடி என்று படர்தாமரைக்கு விற்றது. 1876இல் லண்டனில் பால்மானோ ஸ்குவயர் அது சொரியாசிஸுக்கும் கேட்பதாக எழுதினார். முதல் உலகப் போரில் வரத்து நின்றுபோக, 1916இல் ஜெர்மானியர்கள் அதே சாயலில் செயற்கை மருந்தைச் செய்தார்கள். டித்ரனால். அப்பாவுக்கும் எழுதிக்கொடுத்தார்கள். நன்றாகக் கேட்டது. பழுப்புக் கறை ஊதாவைவிட மோசம்.

இப்போது எச்சரிக்கைகள். இவற்றைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு உரிமை இல்லை. தடவி நன்மை செய்யும் பொருள் உள்ளே போனால் அதே நன்மையைச் செய்யும் என்று நம்பாதீர்கள். ஜப்பானில் பெருங்குடல் புண் அழற்சி நோய்க்குச் சிங் டாய் பொடியைத் தாமாகவே வாங்கி விழுங்கியவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனி அழுத்த நோய் வந்தது. 2016இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் பொது எச்சரிக்கை விட்டது. அதே இண்டிகோ, அதே இண்டிரூபின். அடுத்தது நம் கார்போகி அரிசி என்னும் மருந்து விதை. அதிலுள்ள சோரலென், வெயில் பட்டதும் வேலை செய்யும் பொருள். எகிப்தில் எல் மோஃப்டி 1940களில் இந்தக் குடும்பத்துப் பொருளை வெண்படைக்குக் கொடுத்தார். 1974இல் பாஸ்டனில் அதையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துச் சொரியாசிஸுக்கு ஒரு சிகிச்சையாக்கினார்கள். பலித்தது. பல ஆண்டு எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடியதும் பிறகு தெரிந்தது. கார்போகியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்று கொப்புளத்தோடு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது எச்சரிக்கை செடியைப் பற்றியதே இல்லை. 1999இல் லண்டனில் மருத்துவர்கள், நோயாளிகள் வாங்கிவந்த 11 சீன மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. அப்பாவுக்கும் ஒருவர் “சுத்த மூலிகை” என்று ஒரு களிம்பு கொடுத்தார். பத்தே நாளில் தோல் பளிங்கு போலானது. வீடே கொண்டாடியது. நிறுத்தியதும் முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தோல் காகிதமாக மெலிந்து, தொட்ட இடத்தில் கிழிந்தது. அதில் என்ன இருந்தது என்று அன்று யாரும் சோதிக்கவில்லை. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இன்றிருந்தால் ஒரே பிற்பகலில் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் ஆச்சியின் எண்ணெய்? வெட்பாலைத் தைலம் இன்றும் சித்த மருத்துவமனைகளில் கொடுக்கப்படுகிறது, பலருக்குக் கேட்கவும் செய்கிறது. ஆனால் ஒரு புட்டியும் மறு புட்டியும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று கறுத்திருக்கும், ஒன்று வெளிறியிருக்கும். ஒரு மில்லிலிட்டரில் இண்டிரூபின் எவ்வளவு என்று புட்டியின்மேல் எழுதியிருக்க வேண்டும். தைவானில் இருக்கும் கருவிகள் நம் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன; மரமும் நம்மிடமே நிற்கிறது. எனக்கு உள்ள ஆதங்கம் இது ஒன்றுதான்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. எந்த மாதத்து இலை, தளிரா முற்றலா, எத்தனை நாள் வெயில், தேங்காயெண்ணெயா நல்லெண்ணெயா, நிழலில் வைத்தால் ஊதா வருகிறதா. ஆச்சி இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருந்தாள், யாரும் எழுதி வைக்கவில்லை. வெட்பாலை கோடை தொடங்குமுன் இலை உதிர்த்துவிட்டு, சித்திரையை ஒட்டி வெள்ளைப் பூவும் தளிருமாக நிற்கும். வரும் சித்திரையில் தொடங்குவதற்காகப் பாபநாசம் அடிவாரத்தில் மூன்று மரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை என்று ஓர் ஆண்டு முழுக்க இலை பறித்து, எண்ணெய் போட்டு, அளந்து பதிவு செய்ய வேண்டும். வரக்கூடிய மாணவர்கள், தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள்.